மையாய்க் கரையும் குடை, வெளிச்சத்தைக் குறிபார்க்கும் பீரங்கி: சாணத்தில் முளைக்கும் காளான்களைத் தெரியுமா?

ஒரே இரவில் எழுந்து நின்று, மறுநாள் பொழுதுக்குள் தன்னைத் தானே செரித்துக்கொண்டு, கறுப்பு மையாக ஒழுகி மறைந்துவிடும் காளான் ஒன்று இருக்கிறது, தெரியுமா? அது முளைக்கும் இடம் குதிரை லத்தி, மாட்டுச் சாணி, எருக்குழி! அந்த ஒரே இனத்துக்குள் ஆண், பெண் என்று இரண்டு பால் இல்லை. 12,000-க்கும் மேற்பட்ட இணைவகைகள் இருக்கும் என்று மதிப்பிட்டிருக்கிறார்கள், தெரியுமா? அதன் உடலிலிருந்து பிரித்தெடுத்த ஒரு புரதத்தை 100 டிகிரி சூட்டில் மணிக்கணக்காக வைத்தாலும் அது கிருமிகளைக் கொல்லும் வேலையை விடுவதில்லை, தெரியுமா?

இந்தக் காளான் சேர்ந்த பேரினத்துக்கு அறிவியல் பெயர் காப்ரினாப்சிஸ். மைக்காளான் என்று வைத்துக்கொள்வோம். நம் பக்கத்துக்கும் இது புதிதல்ல. மழை விட்டபின் எருக்குழி விளிம்பிலும், நனைந்து மக்கும் வைக்கோலிலும், மெலிந்த காம்பும் சாம்பல் நிறக் குடையுமாக நிற்கும். காளான் வளர்ப்பவர்களைக் கேளுங்கள், உடனே அடையாளம் சொல்வார்கள். சிப்பிக் காளானுக்குப் போட்ட வைக்கோல் படுக்கையில், கூப்பிடாமலே முளைத்து, கறுத்து ஒழுகிப் படுக்கையைக் கெடுக்கும் களைக் காளான் இதுதான். அம்மோனியா நெடி மூக்கைத் துளைக்கும் இடமென்றால் மற்றக் காளான்கள் திணறும். இதற்கோ அங்கேதான் கொண்டாட்டம்.

இதன் அதிசயங்களுக்குப் போகுமுன் இதற்கு இருக்கும் ஒரு பெரிய சிக்கலைப் பார்த்துவிட வேண்டும். ஏனென்றால் அத்தனை அதிசயமும் அந்த ஒரு சிக்கலிலிருந்துதான் பிறக்கிறது.

சாணத்தில் வாழும் பூஞ்சையின் வித்து, பெரும்பாலும் ஒரு விலங்கின் வயிற்றுக்குள் போய்த்தான் வெளியே வர வேண்டும். புல்லோடு விழுங்கப்பட்டு, அரைக்கும் பல்லுக்குத் தப்பி, வயிற்று அமிலத்துக்குத் தப்பி, குடலின் சூட்டில் கிடந்து, சாணத்தோடு தரையில் விழுந்த பிறகே பல வித்துகளுக்கு முளைக்கும் வேளை வருகிறது. சில இனங்களின் வித்துகள் ஆய்வுக்கூடத்தில் சும்மா வைத்தால் மாதக்கணக்கில் அசையாது. 60 டிகிரி வரை சூடு காட்டினால் முளைத்துவிடும்! காப்ரினாப்சிஸ் சினெரியா என்ற இனம் மிக வேகமாக வளரும் வெப்பநிலை எது தெரியுமா? 37 டிகிரி. பாலூட்டியின் உடற்சூடு!

ஆனால் மாடு தன் சாணத்தை ஒட்டி வளரும் புல்லைத் தின்னாது. மேய்ச்சல் தரையில் பாருங்கள்: சாணி கிடக்கும் இடத்தைச் சுற்றி மட்டும் புல் பச்சைப் பசேல் என்று, வாய்படாமல், வட்டமாக ஓங்கி நிற்கும். சாணத்துக்குள் பிறந்த வித்து அந்த வட்டத்தைத் தாண்டி, அடுத்து மேயப்படும் புல்லின் மேல் போய் ஒட்டியாக வேண்டும். தாண்டாவிட்டால் வம்சம் அங்கேயே முடிந்தது. கால் இல்லை, சிறகு இல்லை. எப்படித் தாண்டுவது?

மைக்காளான் கண்டுபிடித்த வழி காற்று. அதற்காக அது கட்டியிருக்கும் கட்டுமானம் இருக்கிறதே, அதை விளக்குவதற்கே ஒரு மனிதர் தன் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கொடுத்தார். ரெஜினால்ட் புல்லர் என்று பெயர். 1874-இல் இங்கிலாந்தின் பர்மிங்காமில் பிறந்து, 1904-இல் கனடாவின் வின்னிபெக் நகருக்குப் போய், மனிடோபா பல்கலைக்கழகத்தில் தாவரவியல் பேராசிரியரானவர். பூஞ்சைகளைப் பற்றி ஏழு பெருந்தொகுதிகள் எழுதினார். முதல் தொகுதி 1909-இல் வந்தது. ஏழாவது, 1944-இல் அவர் மறைந்த பிறகு. (ஒளியைவிட வேகமாகப் போன பெண்ணைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு புகழ்பெற்ற வேடிக்கைப் பாட்டு உண்டு. அதை எழுதி 1923-இல் பஞ்ச் இதழில் வெளியிட்டவரும் இதே புல்லர்தான்!)

புல்லர் கண்டது என்ன? பெரும்பாலான குடைக்காளான்களைக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் ஏடு ஏடாகச் செவுள்கள் இருக்கும். வித்துகள் அவற்றின் இரு பக்கங்களிலும் விளைகின்றன. சாதாரணக் காளானின் செவுள் மேலே தடித்து, கீழே வரவரச் சரிந்து மெலிந்திருக்கும். ஆகவே உதிரும் வித்துக்கு வழி அகலமாகத் திறந்திருக்கும். மைக்காளானின் செவுள்களோ மிக மெல்லியவை, நெருக்கமானவை, மேலும் கீழும் ஒரே தடிமன் கொண்டவை. இரண்டுக்கும் நடுவில் இருப்பது ஒரு குறுகிய சந்து. மேலே விளைந்த வித்து அத்தனை நீளச் சந்துக்குள் எதிலும் முட்டாமல் விழ வேண்டும். முட்டினால் ஒட்டிக்கொள்ளும், ஒட்டினால் வீண்.

இதற்கு அந்தக் காளான் செய்யும் காரியத்தைக் கேளுங்கள்! வித்துகள் எல்லா இடத்திலும் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. செவுளின் அடி விளிம்பில் இருப்பவை முதலில் முற்றுகின்றன. அவை பறந்துபோனதும் காலியான அந்த விளிம்பை நொதிகள் கரைத்துவிடுகின்றன. இப்போது அதற்கு மேலே உள்ள வரிசை விளிம்பாகிறது. அது முற்றி, உதிர்ந்து, கரைகிறது. பிறகு அதற்கு மேல் வரிசை. கீழிருந்து மேலாக இந்த அலை ஏற ஏற, எந்த வித்துக்கும் விழ வேண்டிய தூரம் ஒரு சிறு துளிதான்! குடையின் ஓரமும் வெளிப்பக்கமாகச் சுருண்டு வழிவிடுகிறது. நாம் அழுகல் என்று நினைத்து முகம் சுளிக்கும் அந்தக் கறுப்பு ஒழுகல் அழுகலே அல்ல. வேலை முடிந்த உறுப்பை வேலை முடிந்த நொடியில் அகற்றும் ஏற்பாடு. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் இந்தக் கருநீரை எழுதும் மையாகவும் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

இன்னும் இருக்கிறது. அத்தனை மெல்லிய செவுள்கள் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாதா? ஒட்டாது! பந்தலுக்குக் கால் நட்டதுபோல, ஒரு செவுளிலிருந்து அடுத்த செவுள் வரை பெரிய செல்கள் குறுக்கே நீண்டு இரண்டையும் விலக்கிப் பிடித்திருக்கின்றன. வித்து உதிரும் நேரம் வந்ததும் அந்தக் கால்களும் கரைந்து வழிவிடுகின்றன.

வித்து தானாக உதிர்வதும் இல்லை, எறியப்படுகிறது. ஒவ்வொரு வித்தின் அடியிலும் ஒரு நுண்ணிய நீர்த்துளி ஊறுகிறது. வித்தின் மேல் இன்னொரு மெல்லிய நீர்ப்படலம். துளி வளர்ந்து படலத்தைத் தொட்ட கணத்தில் இரண்டும் ஒன்றாகி, நீரின் பரப்பு இழுவிசை வித்தைத் தெறிக்க வைக்கிறது. புவியீர்ப்பைவிடப் பல்லாயிரம் மடங்கு முடுக்கம்! ஆனால் அது பறக்கும் தூரமோ ஒரு மில்லிமீட்டரில் சிறு பின்னம். சந்தின் நடுவரைக்கும் போனால் போதும், எதிர்ச்சுவரில் மோதக்கூடாது. அந்த அளவுக்குக் கணக்கான வீச்சு. அந்தத் துளிக்கு இன்றும் புல்லர் துளி என்றே பெயர்.

ஆய்வுக்கூடத்தில் வித்திலிருந்து குடை வரை எல்லாம் ஏறக்குறைய இரண்டே வாரத்தில் முடிந்துவிடும். ஒளியும் இருளும் மாறி மாறி வரும் கணக்கை வைத்துக் குடையின் எண்ணற்ற செல்கள் ஒரே நேரத்தில் குன்றல் பிரிவுக்குள் நுழைகின்றன. மரபணுக்கள் பிரிந்து கலக்கும் அந்த நிகழ்ச்சியை இத்தனை செல்களில் ஒருசேரப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எளிதில் கிடைக்காது. அதனால்தான் சாணத்தில் பிறந்த இந்தக் காளான் உலகின் பல மரபியல் கூடங்களில் செல்லப்பிள்ளை. 2010-இல் இதன் மரபணுத் தொகுப்பை முழுமையாக வெளியிட்டார்கள்: 13 குரோமோசோம்கள்.

இதன் திருமணக் கதை தனி. 1918-இல் மத்தில்ட் பென்சோட் என்ற பெண் ஆய்வாளர் ஒரு மைக்காளானின் தனித்தனி வித்துகளை முளைக்க வைத்து, ஒரு வித்திலிருந்து வந்த இழை தனியே குடை விடாது, பொருத்தமான இன்னொரு இழையோடு கூடினால்தான் விடும் என்று நிறுவினார். குடைக்காளான்களுக்குள்ளும் 'வரன் பொருத்தம்' உண்டென்று உலகுக்குத் தெரிந்தது இப்படித்தான். பின்னால் வந்தவர்கள் பொருத்தத்தைத் தீர்மானிக்கும் மரபணுக்களின் வகைகளை எண்ணிப் பார்த்தபோதுதான் 12,000-ஐத் தாண்டிய அந்தக் கணக்கு வந்தது. தன் வகையல்லாத கிட்டத்தட்ட எவரோடும் கூடலாம். எதிர்ப்படும் அந்நியர் எல்லாருமே வரன்தான்!

சரி, ஒரே சாணியில் இரண்டு இழைகள் தள்ளித் தள்ளி இருந்தால்? தூது போவது ஈ! தனி இழைகள் பிசுபிசுப்பான துளிகளில் நுண்ணிய செல்களை உருவாக்கி நீட்டுகின்றன. ஈயின் காலில் ஒட்டி அவை அடுத்த இழைக்குப் போய்ச் சேர்கின்றன. புல்லரின் மாணவர் ஹெரால்ட் பிராடி 1931-இல் இதைக் காட்டினார். சாணியைச் சுற்றும் ஈயை இனி நான் வேறு கண்ணோடுதான் பார்ப்பேன்.

சாணம் என்பது அமைதியான இடமும் அல்ல. பாக்டீரியா, புழு, வேறு பூஞ்சை என்று கூட்டம் நெருக்கியடிக்கும். எல்லாருக்கும் பசி, சோறோ கொஞ்சம்தான். 1970-இல் இக்கெடியுக்வு, வெப்ஸ்டர் என்ற இரு ஆய்வாளர்கள் ஒரு மைக்காளானின் இழையும் இன்னொரு சாணப் பூஞ்சையின் இழையும் சந்திப்பதை நுண்ணோக்கியில் பார்த்தார்கள். தொட்ட சில நிமிடங்களில் அந்த மற்ற இழையின் செல் செத்தது! நஞ்சை எங்கும் பரப்பிவிடவில்லை. தொட்ட இடத்தில் மட்டும் அடி. சாணத்தில் மைக்காளான் நுழைந்தபின் மற்றப் பூஞ்சைகள் ஏன் ஒடுங்கிப்போகின்றன என்பதற்கு அதில் விடை கிடைத்தது.

பாக்டீரியாவுக்கு இன்னொரு ஆயுதம். சுவிட்சர்லாந்தின் சூரிச் நகரிலுள்ள ஈ.டி.எச். கல்விக்கூடத்தில், குதிரை லத்தியில் வளரும் காப்ரினாப்சிஸ் சினெரியாவைப் பாக்டீரியாக்களோடு சேர்த்து வளர்த்துப் பார்த்தார்கள். சில பாக்டீரியாக்கள் செத்தன. கொன்றது எது என்று தேடிப் பிடித்த சிறு புரதத்துக்குக் காப்சின் என்று பெயரிட்டு 2014-இல் வெளியிட்டார்கள். பாக்டீரியா தன் செல்சுவரைக் கட்டத் தேவையான மூலப்பொருளையே இது பிடித்து வைத்துக்கொள்கிறது. சுவர் எழும்பாமல் கிருமி மடிகிறது. உணவில் நஞ்சேற்றும் லிஸ்டீரியாவும் இதற்குத் தப்பவில்லை. இக்காளானைத் தின்ன வரும் உருளைப்புழுக்களுக்கோ வேறு புரதங்கள் நஞ்சாகக் காத்திருக்கின்றன.

இனி அக்கம்பக்கத்தார். பைலோபோலஸ் என்ற பூஞ்சையை அறியாமல் சாணத்தைப் பற்றிப் பேசவே கூடாது. உயரம் ஒரு சென்டிமீட்டர் அளவு. கண்ணாடிபோல் தெளிந்த தண்டு. நுனியில் நீர் நிறைந்த ஒரு குமிழ். குமிழின் தலையில் வித்துகள் அடைத்த கறுப்புத் தொப்பி. அந்தக் குமிழ் ஒரு லென்ஸ்! படும் ஒளியைக் குவித்து, தண்டு எந்தப் பக்கம் வளைய வேண்டும் என்று காட்டிக்கொடுக்கிறது. தண்டு வெளிச்சத்தை நோக்கித் திரும்பி நிற்கிறது. வெளிச்சம் இருக்கும் பக்கம்தானே வெட்டவெளி, வெட்டவெளியில்தானே மேயும் புல்? பிறகு குமிழுக்குள் ஏறும் அழுத்தம் காற்றழுத்தத்தைப்போல் சுமார் ஐந்து மடங்கு ஆனதும், காலை வேளையில், படார்! தொப்பி இரண்டு மீட்டருக்கு மேலும் பறந்து புல்லில் ஒட்டிக்கொள்கிறது. ஒரு பெட்டிக்குள் சாணியை வைத்து, சிறு துளை வழியாக மட்டும் ஒளி விட்டு, துளையைக் கண்ணாடியால் மூடிப் பாருங்கள். தொப்பிகள் அந்தக் கண்ணாடியில் போய்க் குவிந்திருக்கும்!

2008-இல் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்து மயாமி பல்கலைக்கழகத்தில் நிக்கலஸ் மணியும் குழுவினரும் இதையும் வேறு சில சாணப் பூஞ்சைகளையும் நொடிக்கு 2,50,000 படங்கள் வரை எடுக்கும் கேமராவில் பிடித்தார்கள். வேகம் நொடிக்கு 2 முதல் 25 மீட்டர் வரை. முடுக்கமோ புவியீர்ப்பைப்போல் 20,000 முதல் 1,80,000 மடங்கு! உயிருலகில் இதற்கு நிகரான பாய்ச்சல் மிக அரிது.

இந்தப் பீரங்கியில் ஓசியில் ஏறிப் போகும் பயணியும் உண்டு. மாட்டின் நுரையீரலைத் தாக்கும் ஒரு புழுவின் குட்டிகள், சாணத்தில் பிறந்து, தாமாக அதிக தூரம் ஊர முடியாமல், பைலோபோலஸ் தண்டில் ஏறித் தொப்பியின்மேல் காத்திருக்கும். தொப்பி வெடித்துப் பறந்தால் அவையும் புல்லில் இறங்கி, மாட்டின் வாய்க்குப் போய்விடும். மாட்டுக்குக் கொடிய இருமல் நோய் வரும் வழிகளில் இதுவும் ஒன்று. ஒரு புழு ஒரு பூஞ்சையின் நேரத்தையும் திசையையும் நம்பித் தன் பிழைப்பை வைத்திருக்கிறது என்றால் எப்படி!

1971-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரியில் மாணவர்கள் தொடங்கிய ஒரு நடனக்குழுவுக்குப் பைலோபோலஸ் என்றே பெயர். அவர்களில் ஒருவரின் தந்தை இந்தப் பூஞ்சையை ஆராய்ந்த உயிர் இயற்பியலாளர்.

சாணத்துக் குடைக்காளான்களில் இன்னொரு பேரினம் பேனியோலஸ். இவை மையாகக் கரைவதில்லை. வித்துகள் திட்டுத் திட்டாக முற்றுவதால் செவுள்கள் கறுப்பும் சாம்பலுமாகப் புள்ளி பாய்ந்திருக்கும். இவற்றில் ஒன்று, விரல் பட்ட இடத்தில் நீலமாக மாறும் பேனியோலஸ் சையனெசென்ஸ், இலங்கையிலிருந்துதான் அறிவியலுக்கு முதலில் அறிமுகமானது, தெரியுமா? பெர்க்லி, புரூம் என்ற இரு இங்கிலாந்து ஆய்வாளர்கள் இலங்கைப் பூஞ்சைகளை விவரித்து எழுதியபோது 1871-இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். நீலத்துக்குக் காரணம் சைலோசைபின் வழிவரும் வேதிப்பொருள் காற்றில் மாறுவதுதான். மனத்தைக் குலைக்கும் அந்தப் பொருள் இந்தியச் சட்டப்படி தடைசெய்யப்பட்டது. எந்தச் சாணக் காளானையும் வாயில் வைக்க வேண்டாம்; ஒன்றுபோல் இன்னொன்று தெரியும், ஏமாந்துவிடுவோம்.

வாயில் வைக்காமல் வீட்டிலேயே பார்க்க வழி இருக்கிறது. தாவரவியல் மாணவர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். புதிய மாட்டுச் சாணியோ ஆட்டுப் புழுக்கையோ கொஞ்சம் எடுத்து, ஈரக் காகிதம் விரித்த கண்ணாடிப் பாத்திரத்தில் போட்டு, மூடி, வெளிச்சம் வரும் ஜன்னலோரம் வையுங்கள். கையை நன்றாகக் கழுவிவிடுங்கள். முதலில் பஞ்சுபோல் மியூகர் என்ற பூஞ்சை படரும். முதல் வாரத்துக்குள்ளேயே பைலோபோலஸ் எழுந்து கண்ணாடியைச் சுடத் தொடங்கும். அடுத்து அஸ்கோபோலஸ் முதலிய கிண்ணப் பூஞ்சைகள். குடைக்காளான்கள் கடைசியில். ஏன் இந்த வரிசை? முதலில் வருபவை சர்க்கரையைத் தின்று முடிக்க, கடினமான நார்ப்பொருளைத் தின்னக்கூடியவை பின்னால் வருகின்றன என்றே வெகுகாலம் நம்பினார்கள். 1964-இல் ஹார்ப்பரும் வெப்ஸ்டரும் ஒவ்வொரு பூஞ்சையையும் தனித்தனியே வளர்த்துப் பார்த்தார்கள். போட்டியே இல்லாதபோதும் அதே வரிசை! எல்லாம் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் முளைக்கின்றன. சிறியது சீக்கிரம் வித்து விடுகிறது, பெரிய குடை கட்ட நாள் பிடிக்கிறது.

எல்லாவற்றையும்விட என்னை வியக்க வைப்பது ஸ்போரோர்மியெல்லா. கண்ணுக்கு அகப்படாத சாணப் பூஞ்சை. அதன் கருவித்துகள் ஏரிச் சேற்றில் படிந்தால் பல்லாயிரம் ஆண்டு கெடாமல் கிடக்கும். சாணம் நிறைய இருந்தால் வித்து நிறைய. பெரிய விலங்குகள் அழிந்தால் வித்தும் அருகும். அப்படியானால் ஏரியின் சேற்றை ஆழமாகத் துளைத்து, அடுக்கடுக்காக வித்துகளை எண்ணினால், ஓர் எலும்புகூடக் கிடைக்காத ஊரிலும் யானைகள் எப்போது குறைந்தன என்று சொல்லிவிடலாம் அல்லவா! அமெரிக்க ஆய்வாளர் ஓவன் டேவிஸ் 1987-இல் இந்த வழியை முன்வைத்தார்.

2009-இல் ஜாக்குலின் கில்லும் உடன் ஆய்வாளர்களும் இண்டியானா மாநிலத்து ஆப்பிள்மேன் ஏரியின் சேற்றை எண்ணினார்கள். 14,800 முதல் 13,700 ஆண்டுகளுக்கு முன்பான காலத்தில் வித்துகள் சரிந்திருந்தன. அங்கே திரிந்த மாமூத், மாஸ்டடான் போன்ற பெருவிலங்குகளின் வீழ்ச்சி அது. காடு மாறியதும் தீ பெருகியதும் அதற்குப் பிறகு! காடு மாறியதால் விலங்கு அழிந்தது என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களுக்குச் சேறு தலைகீழான வரிசையைக் காட்டியது. தின்ன ஆளில்லாமல் இலையும் சருகும் குவிந்து எரிந்திருக்கின்றன. 2012-இல் ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில், லிஞ்ச் எரிமலைவாயின் சேற்றிலும் இதே வரிசை: சுமார் 41,000 ஆண்டுகளுக்கு முன் வித்துகள் வீழ்ந்தன, பிறகு தீ, பிறகு காட்டின் மாற்றம்.

மடகாஸ்கரில் கதை இன்னும் ஒரு படி நீள்கிறது. நீர்யானைகளும் ராட்சத லெமூர்களும் யானைப் பறவைகளும் வாழ்ந்த தீவு அது. அங்கே ஏறக்குறைய 1,700 ஆண்டுகளுக்கு முன் ஸ்போரோர்மியெல்லா திடீரென்று சரிகிறது. பிறகு பல நூற்றாண்டு காலம் வித்து அரிது. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மறுபடியும் எண்ணிக்கை ஏறத் தொடங்குகிறது. மனிதர்கள் தீவுக்குக் கொண்டுவந்த திமில் மாடுகள் அப்போது பெருகி மேயத் தொடங்கியிருந்தன.